சோமனூர் வீடு பதில் சொல்லவில்லை

வசனம் எழுதுகிறவளுக்குத் திரை மெதுவாக ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. மாமியார் "வெளியே போடி" என்று சொல்லி முடிப்பதற்குள் மருமகளுக்குப் பசி எடுத்துவிடும்.

சாலிகிராமத்தில் ஒரு வாடகை பங்களாவில் 'பூவரசு இல்லம்' சீரியலின் படப்பிடிப்பு நடக்கிறது. மாடியறையில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். கீழே ஹாலில் அதை அப்போதே நடிக்கிறார்கள். எங்கள் தொழிலில் வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. நான் எழுதும் வரி உதவி இயக்குநரின் கையிலுள்ள டேப்லெட்டுக்குப் போகும். அவர் காமிராவுக்குப் பின்னால் நின்று, மளிகைச் சாமான் சொல்கிற குரலில் அதை உரக்கப் படிப்பார். நடிகை அதைக் காதில் வாங்கி, கண்ணீர் சேர்த்துத் திருப்பிச் சொல்வாள். இதற்குப் பிராம்ப்டிங் என்று பெயர். ஆக, என் திரை நின்றால் கீழே கண்ணீரும் நின்றுவிடும்.

அந்த மாதம் என் திரை நிற்க ஆரம்பித்தது. ஒரு வரியை அடித்து முடித்துவிட்டு, எழுந்து ஜன்னலைத் திறந்து, காகத்தை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் வரி வந்திருக்காது. வெறும் வெள்ளைத் திரை. ஒரு மூலையில் சின்னப் புள்ளி ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

"மரகதம் மேடம்!" என்று கீழிருந்து கத்தினார் இயக்குநர் சௌந்தர். "மாமியார் அகிலாண்டம் அம்மா கையை ஓங்கிட்டு அப்பிடியே நிக்கிறாங்க. அடிக்கணுமா, வேண்டாமா?"

"எனக்கே தெரியலை சார். எழுதிட்டேன், வரமாட்டேங்குது!"

சற்று நேரத்தில் அவரே மாடியேறி வந்தார். சௌந்தர் நல்ல மனிதர். கோபம் வந்தால் கத்தமாட்டார், குரலைத் தாழ்த்துவார். அன்று மிகவும் தாழ்த்தினார்.

"சேனல்ல இருந்து போன் வந்துச்சு. ஏன் தினமும் எபிசோட் லேட்டுன்னு கேக்குறாங்க. இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா, வசனத்தையும் மிஷினே எழுதிக்கட்டும், மேடமுக்கு எதுக்குச் சிரமம்கிறாங்க."

பத்தொன்பது வருடமாக இந்தத் தொழில்தான் என்னைக் காப்பாற்றுகிறது. மாமியார்களை எழுதியே ஒரு வீடு கட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை, கணினிக் கோளாறு பார்க்கிற ஜெனிட்டாவைச் சேனலிலிருந்து அனுப்பினார்கள். பாளையங்கோட்டைப் பெண். முப்பது வயதிருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் இயந்திரத்தைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல இதுக்குள்ள இருக்குற படத்தையெல்லாம் மறைச்சுப் பாக்கேன் மேடம். படம் இருந்தா திரை திணறும்" என்றாள். மறைத்தாள். புள்ளி சுற்றியது. "எழுத்துப்பிழை பாக்குறத நிப்பாட்டுதேன்." நிறுத்தினாள். புள்ளி சுற்றியது. பக்கம் பக்கமாகக் காட்டுவதை விட்டு வரிகளை மட்டும் காட்டச் சொன்னாள், அழகான எழுத்துருவை எடுத்துவிட்டு மொட்டை எழுத்துருவைப் போட்டாள், அணைத்துத் திரும்பவும் போட்டாள். எந்த ஊரிலும் எந்த இயந்திரத்துக்கும் செய்கிற வைத்தியம் எல்லாம் செய்தாகிவிட்டது. புள்ளி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அப்ப கோளாறு இங்க இல்ல மேடம். வீடுகள்ல இருக்கு."

"எந்த வீடு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "இவ்வளவு நாளா பலகையில எழுதுதீங்க, அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதா?"

பலகை என்பது சேனல் எங்களுக்குக் கொடுத்திருக்கும் எழுதும் மென்பொருள். அதில் எழுதினால்தான் வசனம், கையால் தாளில் எழுதினால் செல்லாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வரிக்குக் கீழே ஓர் எண் வரும். எண் பெரிதாக இருந்தால் சௌந்தர் சிரிப்பார்.

"நீங்க ஒரு வரி அடிச்சா அது நேரா திரைக்கு வராது. மொதல்ல ஐந்நூறு மாதிரி வீடுகளுக்குப் போவும். அந்த வீடுகள்ல இருக்குறவங்க கேட்டுட்டு, பிடிச்சிருக்கு, பிடிக்கலைன்னு சொல்லணும். எல்லா வீடும் பதில் சொன்ன பொறவுதான் உங்களுக்கே காட்டும். எழுதுறவங்க தன் வரி மேல தானே ஆசைப்பட்டுரக் கூடாதுன்னு சேனல் போட்ட ஏற்பாடு."

"ஐந்நூறு வீட்டுல நிஜமாவே ஆள் உக்காந்திருக்காங்களா?"

"ஆளு இல்ல மேடம், ஆளோட அச்சு. நிஜமான ஒருத்தங்ககிட்ட சம்மதம் வாங்கி, கொஞ்ச நாள் அவங்க டிவி பாக்குற விதத்தைப் பாத்துப் படிச்சு, அதே மாதிரி சிரிக்கிற, அழுவுற, எந்திரிச்சு அடுப்பைப் பாக்கப் போற ஒரு அச்சு. கண்ணு இமைக்கிறதுக்குள்ள ஐந்நூறும் பதில் சொல்லிரும். இப்ப ஒரே ஒரு வீடு மட்டும் சொல்ல மாட்டேங்கு. போன மாசம் கோயம்புத்தூர் பக்கத்துல கொஞ்சம் புது வீடு சேத்தாவல்லா, அதுல ஒண்ணு. சோமனூர்."

"என்ன செய்யணும்?"

"அந்த வீட்டை அழிச்சுரலாம். ஒரு தட்டு."

"தட்டு" என்றேன். உண்மையைச் சொல்வதற்கென்ன, ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கீழே அகிலாண்டம் அன்றும் கையை ஓங்கிக்கொண்டுதான் நின்றாள்.

ஜெனிட்டா தட்டவில்லை. அவளுக்குக் காரணம் தெரியாமல் எதையும் அழிக்கப் பிடிக்காது. "இருங்க, ஏன் மெதுவா இருக்குன்னு பாத்துட்டு அழிக்கேன்" என்று அந்த வீட்டுக்குள் நடப்பதைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டு அச்சின் பெயர் பருவதம்.

பருவதம் வசனத்தைக் கேட்டாள். பருவதம் இடப்பக்கம் திரும்பினாள். தோளைத் தொடக் கை நீட்டினாள். தொடவேண்டிய தோள் கிடைக்கவில்லை. பருவதம் கைகளால் வசனத்தைச் சொன்னாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள். நேரம் முடிந்தது. பருவதம், "சரி."

அடுத்த வரிக்கும் அதேதான். அதற்கடுத்த வரிக்கும் அதேதான். நான் போன மாதம் முழுவதும் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அவள் இடப்பக்கம் திரும்பியிருக்கிறாள், கை நீட்டியிருக்கிறாள், காத்திருந்திருக்கிறாள்.

"யாரு தோள்?" என்று கேட்டேன்.

"தெரியலை. சம்மதம் வீட்டுக்கு ஒருத்தங்ககிட்டதான் வாங்குவாவ. பக்கத்துல இருக்குற ஆளைப் படிக்க மாட்டாவ." ஜெனிட்டாவும் கையை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டாள். "மேடம், இது வெறும் கணக்கு. இதுக்கு வலிக்காது. வலிக்காதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ."

"இவளைக் கொஞ்ச நாள் நிறுத்தி மட்டும் வைக்க முடியுமா?"

"நிறுத்துனா மறுபடி எழும்பாது. வீடு இடைவிடாம ஓடுனாத்தான் அவங்க ஞாபகம் தொடரும். விட்டா அழிஞ்ச மாதிரிதான்."

மற்ற வீடுகள் கண் இமைக்கும் நேரத்தில் பதில் சொல்கின்றன. அவர்கள் கேட்டார்களா என்பதே சந்தேகம்தான். ஒருத்திதான் என் ஒவ்வொரு வரியையும் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கப் பார்க்கிறாள். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசில் நடக்கிற காரியமா? அவளைப் போய் ஒரு தட்டில் அழி என்று சொல்லிவிட்டேனே என்று எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

"அந்த அம்மாவுக்குப் போன் போடு" என்றேன்.

நிஜமான பருவதம் வீடியோவில் வந்தாள். அறுபதைத் தாண்டியவள், மூக்குத்தி, நெற்றி நிறையத் திருநீறு. நான்தான் 'பூவரசு இல்லம்' எழுதுகிறேன் என்றதும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! நீங்களா எழுதறீங்கொ? அந்த அகிலாண்டத்தை ஏனுங்க அப்பிடிப் படுத்தறீங்க?"

"படுத்துறது அவதாம்மா. நீங்க டிவி பாக்கும்போது பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"எங்கூட்டுக்காரருங்க. வேற ஆரு?" என்று போனை இடப்பக்கம் திருப்பினாள். ஒல்லியான பெரியவர் ஒருவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். "அவருக்குக் காது கேக்காதுங்க. ரண்டு பேரும் தறிக் குடோன்ல வேலை பாத்தவங்க. அந்தச் சத்தத்துல அவரு காது கொஞ்சம் கொஞ்சமாப் போயிருச்சு. எனக்கு எப்பிடியோ தப்பிச்சுருச்சுங்க."

"அப்ப அவருக்கு நீங்கதான் சொல்லுவீங்களா?"

"கைலதானுங்க. இப்பப் பழகினது இல்லீங்க. தறி ஓடறப்ப வாயால பேசினா ஆருக்குங்க கேக்கும்? அங்க அத்தனை பேரும் கைலதான் பேசிக்குவோம். இவுரு என்னைக் கட்டிக்கறீயான்னு கேட்டதே அப்பிடித்தானுங்க, குடோனே பாத்துக்கிட்டிருக்க!" என்று சிரித்தாள். அவள் கை தானாகவே எழுந்து அந்தச் சைகையைப் போட்டுக் காட்டியது. பெரியவர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதிரி வீட்டுக்காகச் சம்மதம் வாங்க வந்த பையன்கள் அவரையும் பார்த்திருக்கிறார்கள். காது கேட்காதவருக்குப் பேச்சாகவே ஓடுகிற சீரியலில் என்ன வேலை என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பெரியவர் சென்னியப்பனுக்குக் காதுதான் போயிருந்தது, வாய் போகவில்லை. மனைவி கையால் என்னை அறிமுகம் செய்ததும் தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"நல்லா எழுதறீங்க அம்மணி! அந்த அகிலாண்டம் இருக்கறாளே, தங்கமான மனுசி. மருமவளுக்காக எத்தனை பாடுபடறா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் அகிலாண்டத்தை வைத்து மருமகளின் பாலில் தூக்க மருந்து கலக்கவைத்திருந்தேன். பருவதம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"கொஞ்சம் மாத்திச் சொல்லுவனுங்க. நீங்க எழுதறதை அப்பிடியே சொன்னா மனுசன் தூங்க மாட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்கொ."

தப்பாக எடுத்துக்கொள்ளத்தான் செய்தேன். ஐந்து நிமிடம். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

ஜெனிட்டா விஷயத்தை விளக்கினாள். பருவதத்தின் அச்சு ஒன்று சென்னையில் இருக்கிறது, அது ஒரு மாதமாக ஒவ்வொரு வசனத்தையும் கேட்டுவிட்டு, கை நீட்டி இவரைத் தேடுகிறது, இவர் அங்கே இல்லை என்றாள். பருவதம் அதைக் கையால் சொல்லச் சொல்ல, பெரியவரின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம்பட பொண்டாட்டியத் தனியா உக்கார வெச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்கய்யா, அது அவங்க இல்ல, ஒரு கணக்கு…" என்று ஜெனிட்டா இழுத்தாள்.

"கணக்கோ என்னமோ. அவ கை நீட்டறா, நான் இல்ல. அப்பிடித்தானுங்களே? ஒரு மாசமாவா?" நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "என்னையும் அங்க போட்டுருங்கொ. எங்க கையெழுத்துப் போடோணும்?"

பருவதம் அவர் தோளைத் தட்டி, கையால் ஏதோ சொன்னாள். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். அதை எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சென்னியப்பனைப் படித்து அச்செடுக்க ஒரு வாரமாகும் என்றாள் ஜெனிட்டா. அதுவரை திரை மெதுவாகத்தான் ஓடும். சேனல் கொடுத்த கெடுவும் அதே வாரம். சௌந்தரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஒரு அச்சுக்காக வேலையை விட்டுடப் போறீங்களா மேடம்?" என்றார்.

"விடமாட்டேன். வரியைக் குறைச்சுக்கிறேன். வசனம் இருந்தாத்தானே காத்திருக்கணும்?"

அந்த வாரம் 'பூவரசு இல்ல'த்தில் யாரும் அதிகம் பேசவில்லை. அகிலாண்டம் திரும்பினாள். மருமகள் திரும்பினாள். மாமனார் செய்தித்தாளை இறக்கினார். ஒவ்வொரு முகத்தையும் மூன்று முறை காட்டி, ஒவ்வொரு முறையும் இடி இடிக்கவைத்தோம். எபிசோட் நேரத்துக்குப் போனது. ஒரு நேயர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. சேனலிலிருந்து, விறுவிறுப்பு கூடியிருக்கிறது என்று பாராட்டு வேறு வந்தது. என் பத்தொன்பது வருட உழைப்புக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. ஆனால் வேலை தப்பியது.

சென்னியப்பனின் அச்சை அந்த வீட்டுக்குள் விட்ட அன்று காலை ஜெனிட்டா என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வரி அடித்தேன். சோமனூர் வீட்டின் எழுத்து ஓடியது.

பருவதம் வசனத்தைக் கேட்டாள். பருவதம் இடப்பக்கம் திரும்பினாள். தோளைத் தொட்டாள்.

அதற்கு மேல் சிறிது நேரம் எதுவும் வரவில்லை. பிறகு, பருவதம் பேசுகிறாள். சென்னியப்பன் பேசுகிறார். பருவதம் பேசுகிறாள். சென்னியப்பன் பேசுகிறார் என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"என் வசனத்தைப் பத்தியா இவ்வளவு நேரம் பேசறாங்க?"

ஜெனிட்டா உற்றுப் பார்த்தாள். "உங்க வசனத்தை விட்டுட்டாவ மேடம். அவங்க பாட்டுக்குப் பேசுதாவ." கொஞ்சம் பொறுத்து, "டிவியை அணைச்சுட்டாவ" என்றாள்.

அணைத்த வீட்டின் பதிலுக்குப் பலகை காத்திருக்காது. அணைத்ததே ஒரு பதில்தான். மறுகணமே என் வரி பளிச்சென்று திரையில் வந்து நின்றது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாம் விரல் எடுப்பதற்குள் வந்தன. கீழே உதவி இயக்குநர் மூச்சுவிடாமல் படித்தார், அகிலாண்டம் மூச்சுவிடாமல் திட்டினாள். சௌந்தர் மாடியேறி வந்து ஜெனிட்டாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஒரு மாதம் பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பிறகு என் சீரியல் அவளுக்கு எதற்கு? ஆனாலும் மனசுக்குள் ஒரு ஓரமாகப் பொறாமை இருந்தது. என்னைக் கேட்பதற்கென்று இருந்த ஒருத்தி எழுந்து போய்விட்டாள். பாக்கி இருக்கிற வீடுகள் என் வரியைக் கேட்டதும் கேட்காததுமாக, பிடித்திருக்கிறது, பிடித்திருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தன.

தினமும் காலையில் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டு, அந்த வீட்டில் டிவி போட்டார்களா என்று கேட்க ஆரம்பித்தேன். இல்லை என்பாள். மறுநாளும் இல்லை என்பாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இடியைக் குறைத்தேன். பாலில் எதையும் கலக்கவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒழுங்காகப் பேசுகிற காட்சிகளை எழுதினேன். வரிகளுக்குக் கீழே வரும் எண் கொஞ்சம் இறங்கியது. சௌந்தர் முகத்தைச் சுளித்தார், ஆனால் நேரத்துக்கு வருகிறதே என்று விட்டுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அகிலாண்டமும் மருமகளும் கூடத்தில் தனியாக இருக்கும் காட்சி. அகிலாண்டத்துக்கு நான் எழுதிய வசனம் இது: "எனக்கு உன் மேல கோபமில்லை. உன்கிட்ட பேசறதுக்கு எனக்கு வேற வழி தெரியலை. அதனாலதான் தினமும் ஒரு சண்டையைத் தேடி வர்றேன்."

என்டரைத் தட்டினேன். வெள்ளைத் திரை. மூலையில் புள்ளி சுற்றியது.

இரண்டு மூன்று வினாடிகள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஜெனிட்டாவை அழைத்தேன்.

"போட்டுட்டாவ மேடம்!" என்று அவளே கத்தினாள். "இப்பத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். காட்சி ஆரம்பிக்கும்போதே போட்டுட்டாவ. உங்களுக்கும் அனுப்புதேன், பாருங்க."

சோமனூர் வீட்டின் எழுத்து என் திரையோரத்தில் ஓட ஆரம்பித்தது.

பருவதம் வசனத்தைக் கேட்டாள். சென்னியப்பனின் தோளைத் தொட்டாள். கைகளால் சொன்னாள்: "சத்தம் போட்டாத்தான் நீ திரும்பிப் பாக்கறே." சென்னியப்பன் சிரிக்கிறார். பருவதம் சிரிக்கிறாள். சென்னியப்பன் சிரிக்கிறார்.

காது கேட்காத மனிதரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். என் மூன்று வாக்கியங்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம்!" என்று கீழிருந்து சௌந்தரின் குரல். "மறுபடியும் நின்னுபோச்சா?"

"நின்னுபோச்சு சார்!" என்று ஜன்னல் வழியாகக் குனிந்து கத்தினேன். பக்கத்து பங்களாக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அவங்க சிரிச்சு முடிக்கட்டும்!"

அவர்கள் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது. நான் எழுதிய வரி திரைக்கு வந்ததும் அதை முழுவதுமாக அழித்தேன். அந்த இடத்தில் பருவதம் சொன்னதை அப்படியே அடித்தேன். பலகை அதை உடனே காட்டியது; அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்த வரி அல்லவா?

கீழே உதவி இயக்குநர் தன் மளிகைக் குரலில் படித்தார். "சத்தம் போட்டாத்தான் நீ திரும்பிப் பாக்கறே." அகிலாண்டமாக நடிக்கிற அம்மா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. பிராம்ப்டிங் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவர் இன்னொரு முறை படித்தார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சொன்னார். சௌந்தர் கட் சொல்ல மறந்துவிட்டார்.